எந்த மரை, எந்த இன்ஜின்? – பழங்கார் கேள்வி பதில்

இந்த இதழுக்குக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பலருக்கும் ஒரே சந்தேகம்தான். வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது அதன் சொந்த இன்ஜின்தானா, இடையில் யார் எதை மாற்றிப் போட்டார்கள் என்று கேட்கிறார்கள்.

கேள்வி: பிரிட்டனின் எம்.ஜி. நிறுவனம் செய்த 1952-ம் வருட டி.டி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். இன்ஜின் தகட்டில் எக்ஸ்.பி.ஏ.ஜி. டி.டி.2 என்றும், பதினைந்தாயிரத்துச் சொச்சம் எண்ணும் இருக்கிறது. பார்த்த மெக்கானிக், "தகடுதான் எம்.ஜி., இன்ஜின் இந்துஸ்தான் வண்டியோடது" என்கிறார். புது பிளக் போட்டதிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தமும் வருகிறது. எதை நம்புவது?
– தக்கலை வாசகர்

பதில்: தகட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். அந்தச் சத்தம் பிளக்கிலிருந்து வர வாய்ப்பு அதிகம்.

டி.டி. இன்ஜினில் இரண்டு வகை ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) உண்டு. முந்தையதில் பிளக் மரையின் (திருகு வரிகளின்) நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. டி.டி.2 வரிசையில் 22735 என்ற இன்ஜின் எண்ணிலிருந்து வந்த ஹெட்டில் அது முக்கால் அங்குலம், 19 மி.மீ. இரண்டுக்கும் பருமன் ஒன்றுதான், 14 மி.மீ. அதனால் நீளமான பிளக் குட்டை ஹெட்டிலும் ஒழுங்காக ஏறி உட்கார்ந்துவிடும். ஆனால் 6 மி.மீ. மரை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டனோ வால்வோ அதில் தட்டும். தட்டாவிட்டாலும் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி ஏறிவிடும். பிறகு பிளக்கைக் கழற்றும்போது ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

உங்கள் தகட்டு எண் 22735-க்கு முந்தையது. ஹெட்டும் அதே காலத்தது என்றால் குட்டை பிளக்தான் வேண்டும். கழற்றும்போது பாதியில் இறுகினால் மல்லுக்கட்ட வேண்டாம். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, கால் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். வெளியே வந்ததும் பிளக்கின் முனையைப் பாருங்கள். எலெக்ட்ரோடு நசுங்கி இடைவெளி மூடியிருந்தாலோ, முனையில் பளபளவென்று அடிபட்ட தடம் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

அடுத்து ஹெட்டை அளக்க வேண்டும். 2 மி.மீ. கம்பி ஒன்றின் நுனியை இரண்டு மி.மீ. அளவுக்கு மடக்கி, பிளக் துளைக்குள் விட்டு, மரையின் உள் விளிம்பில் கொக்கி போல மாட்டுங்கள். வாஷர் உட்காரும் இடத்துக்கு நேராகக் கம்பியில் கோடு போட்டு அளந்தால் 12.7-ஆ 19-ஆ என்று தெரிந்துவிடும். என்.ஜி.கே. பிளக் வாங்குகிறீர்கள் என்றால் பெயரிலேயே இது இருக்கிறது. வெப்ப எண்ணுக்குப் பின்னால் 'எச்' எழுத்து வந்தால் 12.7 மி.மீ., 'இ' வந்தால் 19 மி.மீ. கடையில் சுலபமாகக் கிடைக்கும் பி.பி.6இ.எஸ். நீளமானது. பி.6எச்.எஸ். குட்டையானது.

அளவு 19 என்று வந்தால், இன்ஜினில் இருப்பது பிந்தைய ஹெட். வார்ப்பு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தையதில் 22952, பிந்தையதில் 168422. இந்த இரண்டுக்கும் தண்ணீர்த் துளைகளின் வடிவம் வேறு. முந்தையதில் வாழைப்பழம் போல நீண்ட துளை, பிந்தையதில் வட்டம். பிளாக் ஒரு வகை, ஹெட் இன்னொரு வகை என்றால், இரண்டுக்கும் இடையில் வைக்கும் அடைப்பான காஸ்கெட்டில் பிரச்சினை வரும். ஹெட்டைக் கழற்றும் நாளில் புது காஸ்கெட்டை முதலில் பிளாக்கின் மேலும், பிறகு ஹெட்டின் மேலும் வைத்துப் பாருங்கள். தண்ணீர்த் துளையின் விளிம்பு காஸ்கெட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே தெரிந்தால் கசியும். துளையைக் காஸ்கெட் மறைத்தால் அந்த சிலிண்டர் சூடாகும். ஹெட்டின் கனத்தையும் அன்றே அளந்துவிடுங்கள். முந்தைய ஹெட் புதிதில் 76.75 மி.மீ. இருந்தது. எவ்வளவு சீவியிருக்கிறார்கள் என்று தெரியும்.

இனி மெக்கானிக் சொன்ன விஷயம். அவர் பேச்சில் அர்த்தம் இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்துஸ்தான் 10, மாரிஸ் டென் எம் வரிசைக் காரின் இந்திய வடிவம். அதன் இன்ஜின் எக்ஸ்.பி.ஜே.எம்., 1140 சி.சி. உங்கள் எக்ஸ்.பி.ஏ.ஜி. 1250 சி.சி. இரண்டும் ஒரே குடும்பம். கடைசி எழுத்து எந்த காருக்கு என்பதைச் சொல்லும்: 'ஜி' எம்.ஜி.க்கு, 'எம்' மாரிஸுக்கு. வோல்ஸ்லி காருக்குப் போன எக்ஸ்.பி.ஏ.டபிள்யூ. என்பதும் உண்டு. உதிரி கிடைக்காத காலத்தில் இந்தக் குடும்பத்துக்குள் பாகங்களைக் கைமாற்றுவது நடக்கக்கூடியதே. எட்டுமூலைப் பித்தளைத் தகடு சிறு ஆணியில் நிற்பது. ஒரு பிளாக்கிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் அறைவது ஐந்து நிமிட வேலை. ஆகவே தகடு மட்டும் சாட்சியாகாது.

பிளக் துளை வழியாக பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்து பார்க்கச் சிலர் சொல்வார்கள். இந்த இன்ஜினில் அது பயன்படாது, இரண்டுக்குமே ஸ்ட்ரோக் 90 மி.மீ. வித்தியாசம் போரில்தான், அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தில்தான் இருக்கிறது. 1140-க்கு 63.5, 1250-க்கு 66.5. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல்விளிம்பில் தேயாத பகுதியில் அளக்க வேண்டும். ரீபோர் செய்திருந்தால், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கியிருந்தால், கூடியிருக்கும். 60 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு) வரை போயிருந்தால் 1.5 மி.மீ. கூடும். அதாவது 63.5-க்கும் 65-க்கும் நடுவில் வந்தால் மாரிஸ் பக்கம், 66.5-க்கும் 68-க்கும் நடுவில் வந்தால் எம்.ஜி. பக்கம். ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் குழாய்) அடித்த பிளாக்காக இருந்தால் இந்தக் கணக்கு தடுமாறும். சிலிண்டர் வாயில் மெல்லிய வளையக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கிளட்ச்சும் ஒரு சாட்சி. டி.டி.2 வரிசையில் 9408-லிருந்து கிளட்ச் 8 அங்குலம், அதற்கு முன் ஏழேகால். உங்கள் எண்ணுக்கு 8 அங்குலம் இருக்க வேண்டும். ஏழேகால் இருந்தால் ஃபிளைவீலும் பெல் ஹவுஸிங்கும் வேறு வண்டியிலிருந்து வந்தவை. டைனமோவையும் பாருங்கள். டி.டி.யில் ஆர்.பி.எம். மீட்டருக்கான கேபிள் டைனமோவின் பின்புறத்திலிருந்து போகும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் டைனமோ மாறியிருக்கிறது. லூகாஸ் டைனமோவின் உடம்பில் தயாரித்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். வண்டி 1952 என்றால் 51, 52 என்று இருப்பதுதான் பொருத்தம்.

கடைசியாக, சேசிஸ் எண் சேசிஸ் சட்டத்தின் இடது முன் முனையில் இருக்கும். தீயணைப்புச் சுவரிலுள்ள தகட்டில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சேர்ந்தே இருக்கும். அந்த இன்ஜின் எண் பித்தளைத் தகட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போய், போரும் 66.5 பக்கம் வந்தால் மெக்கானிக் சொன்னது தவறு. 1140 பிளாக் என்று தெரிந்தாலும் அதைத் தூக்கிப்போட வேண்டாம். நல்ல இன்ஜின்தான். பிஸ்டன், ரிங், காஸ்கெட் எல்லாம் அந்த அளவுக்கு வாங்கினால் ஓடும். எதையும் 1250-க்கு என்று ஆர்டர் செய்துவிடக் கூடாது, அவ்வளவே.

கேள்வி: ஒர்க்‌ஷாப்பில் எம்.ஜி. டி.டி. ஒன்று நிற்கிறது. இன்ஜினில் 8 மி.மீ. போல்ட் போட்டால் ரெண்டு சுற்று ஓடி நிற்கிறது. பழைய போல்ட்டுக்கு 13 ஸ்பேனர் ஏறவில்லை, 14 வழுக்குகிறது. அங்குல ஸ்பேனரும் சரிப்படவில்லை. இங்கிலீஷ் வண்டியில் என்ன மரைதான் இருக்கிறது?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: மரை மில்லிமீட்டர், தலை விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. இந்தக் கலவை தொழிற்சாலையிலேயே வந்தது. பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் நடத்திய இன்ஜின் தொழிற்சாலையை மாரிஸ் 1923-ல் வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மில்லிமீட்டர் மரைக்கானவை. மரையை அப்படியே வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் மெக்கானிக் கையிலிருக்கும் ஸ்பேனர் பொருந்தட்டும் என்று தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். எக்ஸ்.பி.ஏ.ஜி. வரை அது தொடர்ந்தது.

8 மி.மீ. போல்ட்டின் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைகளின் இடைவெளி) இன்று கடையில் கிடைக்கும் 1.25 அல்ல, 1.0. அதனால்தான் இரண்டு சுற்றில் நிற்கிறது. அதன் தலை 13.3 மி.மீ. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனர் மட்டுமே சரியாக ஏறும். 10 மி.மீ. போல்ட்டின் பிட்ச் 1.5, இது இன்றைய அளவுதான். தலை மட்டும் 15.2 மி.மீ., ஐந்து பதினாறு (5/16 அங்குல) விட்வொர்த். இந்த இரண்டு ஸ்பேனரையும் வாங்கிவிட்டால் இந்த இன்ஜினில் பாதி வேலை நிம்மதி. அறுகோணத்தின் மூலைகள் உருண்டிருக்கும் போல்ட்டைக் கண்டால், முன்னே யாரோ 14 ஸ்பேனரால் திருகியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

பிட்ச்சைக் கண்ணால் நிதானிக்க வேண்டாம். வெர்னியரில் பத்து மரையின் நீளத்தை அளங்கள். 10 மி.மீ. வந்தால் எக்ஸ்.பி.ஏ.ஜி. மரை. 12.5 வந்தால் இன்றைய 8 மி.மீ. 10.6 வந்தால் ஐந்து பதினாறு யு.என்.எஃப். (அங்குல அளவின் நுண்மரை). 11.5 வந்தால் ஐந்து பதினாறு பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நுண்மரை). இந்த நான்குமே பருமனில் எட்டு மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். குழப்பமெல்லாம் அங்கேதான். திரெட் கேஜ் வாங்கும்போது 60 டிகிரி ஒன்று, 55 டிகிரி ஒன்று என இரண்டு வாங்குங்கள். மில்லிமீட்டரும் யு.என்.எஃப்.பும் 60, விட்வொர்த்தும் பி.எஸ்.எஃப்.பும் 55. ஒன்றை மற்றதில் வைத்தால் பல்லுக்கு நடுவே வெளிச்சம் தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது யு.என்.எஃப். அம்பாசடர் உதிரிகளோடு கிடைத்துவிடும் போல்ட் அது. பருமன் 7.94, பிட்ச் 1.06. எக்ஸ்.பி.ஏ.ஜி. துளையில் கையால் திருகினாலே சில சுற்று போகும். 'சரியாத்தான் இருக்கு' என்று ஸ்பேனர் போடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 0.06 மி.மீ. வித்தியாசம் சேர்ந்துகொண்டே வரும். பத்தாவது மரையில் அது அரைப் பிட்ச்சைத் தாண்டிவிடும். போல்ட் இறுகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது பிளாக்கின் மரையைச் சீவிக்கொண்டிருக்கும். அடுத்த முறை கழற்றினால் இரும்புத் தூள் வரும். கடைசி மரை வரை விரலால் போகாத போல்ட் அந்தத் துளைக்கு உரியதல்ல. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

யு.என்.எஃப். போல்ட்டின் தலையில் வட்டக் குழி இருக்கும். இல்லையென்றால் அறுகோணத்தின் பக்கவாட்டில் ஒன்றையொன்று தொட்டபடி சிறு வட்டங்கள் வெட்டியிருப்பார்கள். டி.டி. இன்ஜினில் இந்த அடையாளம் கண்ணில் பட்டால் உடனே கழற்றி அளந்து பாருங்கள். தலையில் 8.8 என்று (இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டின் வலிமைக் குறி) இருந்தால் அதுவும் பின்னால் வந்த போல்ட்.

இன்ஜினை விட்டு சேசிஸுக்கு வந்தால் மரை பி.எஸ்.எஃப்.க்கு மாறிவிடும். லூகாஸ் மின்பாகங்களின் சிறு திருகுகள் பி.ஏ. எனும் பிரிட்டிஷ் சிறுதிருகு அளவு. அதில் 2 பி.ஏ. என்பது 4.7 மி.மீ., பிட்ச் 0.81. இரண்டின் பிட்ச்சும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் 5 மி.மீ. திருகைச் சிலர் அழுத்தித் திருகிவிடுவார்கள். பித்தளை மரை தாங்காது.

கெட்டுப்போன 8 மி.மீ. துளையை 1.25 டேப் போட்டுச் 'சரி' செய்ய வேண்டாம். பழைய மரையும் புது மரையும் குறுக்கே வெட்டி, பிடிப்பே இல்லாமல் போய்விடும். கொஞ்சம் மரை மிச்சமிருந்தால் 8 × 1.0 டேப்பைக் கையால் ஓட்டிச் சுத்தம் செய்யலாம். ஒன்றுமே இல்லையென்றால் அதே அளவில் கம்பிச்சுருள் இன்சர்ட் போடுங்கள். வெளியே தெரிவது பழைய அளவு போல்ட்டாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். எம்.ஜி. டி.சி.யின் ஆயில் சம்ப் போல்ட் இரண்டு கழற்றும்போதே ஒடிந்துவிட்டன. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிடலாமா?
– குளச்சல் வாசகர்

பதில்: வேண்டாம். டி.டி.க்கு முந்தைய மாடலான டி.சி.யின் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) அலுமினியம். உப்புக் காற்றில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் அரித்துப் போகும். போல்ட் பளபளவென்று இருக்கும், சம்ப் பொடியாகும். துத்தநாக முலாம் போட்ட சாதாரண ஸ்டீல் போல்ட்டே போதும். மரையிலும் தண்டிலும் ஆன்டி-சீஸ் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள்.

ஒடிந்தது ஏன் என்றால், போல்ட் பெரும்பாலும் மரையில் பிடிப்பதில்லை. சம்ப்பின் துளைக்குள் வெள்ளைப் பொடி ஊறிப் பெருத்துத் தண்டைக் கவ்விக்கொள்கிறது. மீதியுள்ள போல்ட்டுகளுக்கு ஆயிலை வடித்துவிட்டு, பெட்ரோல் குழாயையும் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகு, ஹாட் ஏர் கன்னால் சம்ப்பின் விளிம்பைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும் என்பதால் பிடி தளரும். துரு நீக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு வையுங்கள்.

ஒடிந்தவற்றில் சம்ப்பை இறக்கிய பின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் நட் ஒன்றை வைத்து உள்ளே வெல்டிங் வையுங்கள். ஆறிவரும்போது சூடு தாங்கலாக இருக்கையில் திருகினால் வந்துவிடும். பிளாக்கோடு மட்டமாக ஒடிந்திருந்தால் நடுமையத்தில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ., பிறகு 5 மி.மீ. இடதுசுற்று டிரில். பல நேரம் டிரில் போடும்போதே துண்டு சுழன்று வெளியே வரும். வராவிட்டால் 6.5 வரை போய், ஓடுபோல் மிஞ்சிய போல்ட்டின் சுவரை உளியால் உள்நோக்கி மடக்கி எடுங்கள். 7 மி.மீ.க்கு மேல் போனால் மரை போச்சு.

புது போல்ட் வாங்கும்முன் மூடிய துளைகளின் ஆழத்தை ஈர்க்குச்சி விட்டு அளந்துகொள்ளுங்கள். போல்ட்டின் நுனிக்கும் அடிக்கும் நடுவே 2 மி.மீ.யாவது இடம் வேண்டும். நீளமான போல்ட் அடியில் முட்டினால் சம்ப் இறுகாது, ஆயில் ஒழுகும். இன்னும் இறுக்கினால் வார்ப்பு வெடிக்கும்.

கேள்வி: எம்.ஜி.ஏ. 1500 ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் தகடே இல்லை. ஒரே கார்ப்பரேட்டர், ஆர்.பி.எம். மீட்டர் வேலை செய்யவில்லை. "அம்பாசடர் இன்ஜின்தான், ஆனா ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார் விற்பவர். உண்மையா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: பாதி உண்மை. எம்.ஜி.ஏ. 1500-ம் பழைய பெட்ரோல் அம்பாசடரும் பி.எம்.சி.யின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் 1489 சி.சி. இன்ஜின்தான். போர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. அளந்து பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. கம்ப்ரெஷன், கேம்ஷாஃப்ட், கார்ப்பரேட்டர் இவற்றில்தான் எம்.ஜி. வேறு.

பிளாக்கின் வெளிப்புறத்தைப் பாருங்கள். எம்.ஜி.ஏ.யின் ஆர்.பி.எம். மீட்டர் கேபிள் இன்ஜினின் பின்பக்கத்தில் கேம்ஷாஃப்ட்டிலிருந்து போகிறது. அதற்கான வாயே இல்லாத பிளாக் என்றால் அந்த மீட்டர் ஏன் ஓடவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. எம்.ஜி.ஏ.யில் பெட்ரோல் பம்ப் வண்டியின் பின்னால் இருக்கும் எஸ்.யு. மின்பம்ப். இன்ஜினின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பம்ப் உட்கார்ந்திருந்தால் பிளாக் சலூன் காருடையது. அசல் இன்ஜினுக்கு 15ஜி.பி. அல்லது 15ஜி.டி. என்ற எழுத்துகள் கொண்ட தகடு பிளாக்கின் வலப்பக்கம் ரிவெட் அடித்திருக்கும். ரிவெட் துளைகளாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயின்டுக்கு அடியில் தங்க நிறம் தெரிந்தால் பி.எம்.சி.யே புதுப்பித்துக் கொடுத்த கோல்ட் சீல் மாற்று இன்ஜினாக இருக்கலாம். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

கார்ப்பரேட்டர் எச்4 எஸ்.யு. இரண்டு இருக்க வேண்டும், ஒன்றரை அங்குல வாய், ஜி.எஸ். ஊசி. எம்.ஜி.பி.யின் எச்.எஸ்.4-ஐக் காட்டி எச்4 என்பார்கள். அடியில் மெல்லிய நைலான் குழாய் ஜெட்டுக்குப் போனால் அது எச்.எஸ். வகை.

இந்த இன்ஜினில் மரை பெரும்பாலும் யு.என்.எஃப்., ஸ்பேனர் அரை அங்குலமும் ஒன்பது பதினாறும். அம்பாசடர் போல்ட் இங்கே தாராளமாகப் பொருந்தும். அசல் கிடைக்கும்வரை ஓட்டுவதற்கு அம்பாசடர் இன்ஜினைவிடப் பொருத்தமான மாற்று இல்லை என்பது எங்கள் கருத்து. விலையை மட்டும் அசல் இன்ஜின் உள்ள வண்டியின் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் எந்த இன்ஜின் எண் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: இன்ஜின் மாறிய பழைய காருக்கு 'வி.ஏ.' வின்டேஜ் நம்பர் கிடைக்குமா?
– குழித்துறை வாசகர்

பதில்: 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது.

வேறு வகை இன்ஜின் என்றால் சோதனையில் கேள்வி வரும். அதே வகை இன்ஜின், எண் மட்டும் வேறு என்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு, பிறகு வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். வார்ப்பு எண், தகடு, சேசிஸ் எண் மூன்றையும் சுத்தம் செய்து, வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்களை விண்ணப்பத்தோடு வையுங்கள். எண்ணைத் தேய்த்துவிட்டு ஆர்.சி.யில் உள்ளதைக் குத்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது குற்றம். தேய்த்த தடம் கண்டுபிடிக்கப்பட்டால் வண்டியே பறிமுதலாகலாம்.